பெயருக்கு முன்னே நிற்கும் சிறு சொற்கள்

சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் இரவு ஒன்பது மணி இருக்கும். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார். கல்லூரியில் என்னிடம் ஆங்கிலம் படித்தவர். முகம் வாடியிருந்தது. வெளிநாட்டிலிருந்து சரக்கு வாங்கும் வணிகரைத் திருப்பூரில் 'பையர்' என்றே சொல்வார்கள். அப்படிப்பட்ட பையர் ஒருவர் அனுப்பிய மின்னஞ்சலைத் தாளில் எடுத்து வந்திருந்தார்.

"ஐயா, போன மாதம் அனுப்பிய சரக்கில் புகார் வந்துவிட்டது. விலையில் குறைத்துக்கொள்கிறோம் என்று எழுதச் சொல்லிவிட்டார் முதலாளி. மன்னிப்புக் கடிதம் எழுதியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திக் கொடுங்கள்" என்றார்.

அவர் எழுதிய கடிதத்தைப் பார்க்குமுன் அவருக்கு வந்த கடிதத்தைப் பார்த்தேன். சரக்குக் கடைகளுக்குச் சென்ற பிறகு 'ஃபியூ கம்ப்ளெயின்ட்ஸ்' வந்தன என்று அதில் எழுதியிருந்தது. 'எ ஃபியூ' என்று இருந்தால், சில புகார்கள் வந்தன என்று பொருள். முன்னே அந்த 'எ' இல்லாமல் வெறும் 'ஃபியூ' என்று இருந்தாலோ, புகார் என்று சொல்லத்தக்கது அரிதாகவே வந்தது என்று பொருள். பையர் பாராட்டி எழுதியிருக்கிறார். இவர்கள் மன்னிப்புக் கேட்டு விலையைக் குறைக்கப் புறப்பட்டிருக்கிறார்கள்! அன்றிரவே அக்கடிதம் போயிருந்தால், ஓர் எழுத்தைக் கவனியாத குற்றத்திற்காக ஒரு கம்பெனி கையிலிருந்த பணத்தைத் தானே வலியக் கொடுத்திருக்கும்.

அந்த ஓர் எழுத்தைப் பற்றியும், அதன் உறவினராகிய வேறு சில சிறு சொற்களைப் பற்றியுமே இன்று பேச எண்ணுகிறேன்.

திருப்பூர் ஆங்கிலத்தைத் தேடிச் சென்ற ஊர் அன்று. ஆங்கிலம் திருப்பூரைத் தேடி வந்தது. பல்லாண்டுகள் உள்நாட்டு மக்களுக்கு வெள்ளைப் பனியன் பின்னிக் கொடுத்த ஊர் இது. 1970களின் இறுதியில் இத்தாலி முதலிய ஐரோப்பிய நாடுகளிலிருந்து வணிகர்கள் வரத் தொடங்கினார்கள். 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் தோன்றியது. 2009இல் ஊர் ஒரு மாவட்டத்தின் தலைநகராயிற்று. வந்த வணிகரில் பலருக்கும் ஆங்கிலம் தாய்மொழி அன்று. துணியை விரலால் தடவிப் பார்ப்பதும், தலையை அசைப்பதும், கால்குலேட்டரில் விலையைத் தட்டிக் காட்டுவதுமே வாணிகம் நடப்பதற்குப் போதுமானவையாக இருந்திருக்கும். இன்று அப்படி இல்லை. துணியின் எடை, கழுத்தின் அளவு, தையலின் வகை, பொத்தானின் நிறம் என அனைத்தும் ஆங்கிலத்தில் எழுதப்பட்டு வருகின்றன. எழுத்தில் உள்ளபடி சரக்கு இல்லையென்றால் சரக்கு திரும்பும். அல்லது காதர்பேட்டைக் கடைகளில் செகண்ட்ஸ் என்னும் பெயரோடு வந்த விலைக்குப் போகும்.

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னே மூவகைச் சொற்கள் வரிசையாக நிற்கும். முதலில் நிற்பது எது, எத்தனை, எவ்வளவு என்று வரையறுக்கும் சொல். 'எ', 'தி', 'ஃபியூ', 'எனி' போன்றவை அவை. அடுத்து நிற்பது பண்பைச் சொல்லும் பெயரடை. இவ்விரண்டிற்கும் நடுவே புகுந்து, அந்தப் பண்பு மிகுந்ததா குறைந்ததா என்று சொல்வது வினையடை. வினையடை என்று பெயர் இருந்தாலும் அது வினையோடு மட்டும் நிற்பதில்லை. பண்புக்கும் படி அளக்கும்.

நம்மவர்கள் இம்மூன்றில் எங்கே தடுக்கி விழுகிறார்கள்? வகுப்பில் ஒரு சோதனை செய்து பார்த்தேன். சிறு சிறு அட்டைகளில் சொற்களை எழுதிக் கலைத்துக் கொடுத்து, வரிசைப்படுத்தச் சொன்னேன். பெரிய, நீல, பருத்தி என்னும் பொருள் தரும் அடைகளை ஏறத்தாழ எல்லாரும் பிழையின்றி அடுக்கிவிட்டார்கள். 'தி' என்னும் அட்டை மட்டும் பலருடைய மேசைகளில் அநாதையாகக் கிடந்தது.

இதற்குக் காரணம் மாணவர்களின் அறியாமை என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். அது தவறு. நம் மொழியில் அந்த வேலையைச் செய்வதற்கு வேறோர் உறுப்பு இருக்கிறது. "நூல் வாங்கி வா" என்று முதலாளி பையனிடம் சொன்னால், ஏதோ ஒரு கடைக்குப் போய் நூல் வாங்க வேண்டும். "நூலை வாங்கி வா" என்றால், முன்பே பேசி வைத்த நூல் ஒன்று எங்கோ காத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'தி' செய்யும் வேலையை இங்கே இரண்டாம் வேற்றுமை உருபு செய்துவிட்டது. அதுபோலவே, "மூன்று பெட்டி வந்தது" என்பதற்கும் "மூன்று பெட்டியும் வந்தது" என்பதற்கும் எவ்வளவு வேறுபாடு! பின்னதில், வர வேண்டியவையே மூன்றுதான் என்பது கேட்பவருக்கு விளங்கிவிடுகிறது. இத்தனை என்று முன்பே அறியப்பட்ட தொகைக்கு உம்மை கொடுக்க வேண்டும் என்று தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் விதித்திருக்கிறார். ஒருவனுடைய கண்ணைச் சொல்லும்போது 'கண் இரண்டும்' என்று சொல்வதே முறை.

ஆகவே, எது என்று வரையறுப்பதை ஆங்கிலம் பெயரின் தலையிலே வைக்கிறது. தமிழ் பல இடங்களில் அதை வாலிலே வைக்கிறது. தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதுகின்றவருடைய கை, பெயர்ச்சொல்லின் தலையை வெறுமையாக விட்டுவிடுகிறது. வாலில் வைக்க அங்கே இடமும் இல்லை. 'மூன்று பெட்டி வந்தது' என்னும் பொருளில் எழுதிய கடிதத்தைப் படிக்கும் பையர், மற்றப் பெட்டிகள் எங்கே என்று கேட்டு எழுதுகிறார்.

அந்தச் சிறு சொற்களின் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஆங்கிலத்தில் 'அந்த' என்று சுட்டிய சொல்லே தேய்ந்து 'தி' ஆயிற்று. 'ஒன்று' என்னும் எண்ணே தேய்ந்து 'ஆன்' என்றும் 'எ' என்றும் ஆயிற்று. பலமுறை துவைத்த பனியன் போல நிறமும் கனமும் போய், சொல் மட்டும் நிற்கிறது. நம்முடைய 'ஒரு' என்பதும் அவ்வழியில் சிறிது தூரம் சென்றிருக்கிறது. ஆனால் போன திசை வேறு.

"ஒரு ஐம்பது டஜன் அனுப்புங்கள்" என்கிறோம். இங்கே 'ஒரு' என்பதற்கு ஒன்று என்பது பொருளன்று. ஏறக்குறைய என்பது பொருள். நாற்பத்தெட்டு அனுப்பினாலும் சண்டை இல்லை, ஐம்பத்திரண்டு அனுப்பினாலும் சண்டை இல்லை. எண்ணின் இறுக்கத்தைத் தளர்த்துவதற்கு நம்மிடம் உள்ள மிக அழகிய கருவி இது. இதையே தொலைபேசியில் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி 'ஒன் ஃபிஃப்டி டஜன்' என்று ஒருவர் சொன்னால் என்ன ஆகும்? மறுமுனையில் இருப்பவர் நூற்றைம்பது என்று எழுதிக்கொள்வார். ஐம்பது டஜன் எங்கே, நூற்றைம்பது டஜன் எங்கே! இந்த இடத்தில் 'அபவுட்' என்னும் ஒரு சொல் போதும்; நம் 'ஒரு'வை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

'எ' என்பதை ஒருமுறை சொல்வதா, இருமுறை சொல்வதா என்பதும் சிறு செய்தியன்று. 'எ ரெட் அண்ட் ப்ளூ டீ ஷர்ட்' என்று எழுதினால், சிவப்பும் நீலமும் கலந்த சட்டை ஒன்று. 'எ ரெட் அண்ட் எ ப்ளூ டீ ஷர்ட்' என்றால், சிவப்பில் ஒன்றும் நீலத்தில் ஒன்றுமாக இரண்டு. தமிழில் இந்த ஐயம் எழுவதே இல்லை. 'சிவப்பில் ஒன்று, நீலத்தில் ஒன்று' என்று ஒன்றையே இருமுறை சொல்லிவிடுகிறோம். ஆங்கிலேயர் சிக்கனக்காரர். ஒரு 'எ'யைச் சேர்த்துவிட்டால் ஓர் ஆடை கூடிவிடும். பன்மையில் வந்தால் அவர்களுக்கே குழப்பந்தான்: 'ரெட் அண்ட் ப்ளூ டீ ஷர்ட்ஸ்' என்று மட்டும் எழுதி வந்தால், துணியை வெட்டுவதற்கு முன் ஒரு கேள்வி எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. கேட்பதில் வெட்கம் இல்லை. வெட்டிய துணி ஒட்டாது.

இனி அடைகளின் வரிசைக்கு வருவோம். இங்கே நம் மாணவர்கள் பிழை செய்யவில்லை என்று சொன்னேன் அல்லவா? அதில் வியப்பும் இல்லை. நன்னூல் செய்த பவணந்தி முனிவர் பெருந்துறைக்கு அருகே உள்ள சீனாபுரத்தவர் என்பது கொங்கு நாட்டார் போற்றிவரும் மரபு. திருப்பூருக்குப் பக்கத்து ஊர்க்காரர் என்றே உரிமை கொண்டாடலாம்! ஒரு பெயருக்கு இரண்டு அடைகள் சேர்ந்து வரலாம் என்று அவர் விதிக்கிறார். அதற்கு 'சிறு கருங்காக்கை' என்று உதாரணம் காட்டுவார்கள். அளவு முதலில், நிறம் அடுத்து, பெயர் இறுதியில். ஆங்கிலேயரும் 'ஸ்மால் பிளாக் க்ரோ' என்றே சொல்வார்கள். 'பிளாக் ஸ்மால் க்ரோ' என்று சொல்ல மாட்டார்கள். காக்கை கருமையோடு பிறந்தது. சிறுமை, பார்ப்பவர் மற்றொன்றோடு ஒப்பிட்டுச் சொல்வது. பொருளோடு ஒட்டிய பண்பு பெயரை ஒட்டியே நிற்கிறது. 'இருநூறு டஜன் பெரிய கருநீலப் பருத்திப் பனியன்' என்று சொல்லிப் பாருங்கள்; பிறகு 'பருத்திக் கருநீலப் பெரிய பனியன்' என்று சொல்லிப் பாருங்கள். பின்னது நம் செவிக்கும் உறுத்துகிறது. பஞ்சிலிருந்து பனியனைப் பிரிக்க முடியாது. சாயத்தைப் பின்னர் ஏற்றுகிறோம். சொல் வரிசையும் ஏறக்குறைய அப்படியே அமைந்துவிட்டது.

இதைவிட நுட்பமான விதி ஒன்று தொல்காப்பியத்திலேயே இருக்கிறது. ஒரு பொருளின் உறுப்புக்கு நிறத்தையோ வேறு பண்பையோ சொல்லும்போது அடை முதலிலும், உறுப்பு அடுத்தும், முழுப்பொருள் கடைசியிலும் வர வேண்டும்; இந்த முறை மாறக்கூடாது. செங்கால் நாரை என்பது இதற்குரிய உதாரணம். சிவந்தது கால், நாரை அன்று. பேச்சு வழக்கில் இந்த முறை மாறலாகாது என்றும், மாறுவது செய்யுளில் மட்டுமே என்றும் பவணந்தியார் மேலும் வரையறுக்கிறார்.

இந்தச் செங்கால் நாரை திருப்பூருக்கு நாள்தோறும் வருகிறது. 'சிவப்புக் காலர் வெள்ளைப் பனியன்' என்று தமிழில் சொன்னால் எந்தத் தையற்காரருக்கும் ஐயம் வராது. ஆனால் ஆங்கிலக் கடிதம் ஒன்றில் 'ப்ளூ நெக் பைப்பிங் டீ ஷர்ட்' என்று கண்டேன். நீலம் கழுத்துக்கா, கழுத்து ஓரத்தில் வைத்துத் தைக்கும் பைப்பிங்குக்கா, சட்டை முழுவதற்குமா? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவர் சோதிடம் பார்க்க வேண்டும். இத்தகைய இடங்களில் ஆங்கிலம் இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஒன்று, 'ரெட் காலர்ட்' என்று உறுப்பின் இறுதியில் ஒரு முடிச்சைப் போட்டு நிறத்தை அதோடு கட்டிவிடுவது. மற்றொன்று, சட்டையை முதலில் சொல்லிவிட்டு, உறுப்பைப் பின்னால் 'வித்' என்னும் சொல்லோடு கொண்டுவருவது. கம்பெனிகளில் எழுதுகிறவர்கள் இரண்டாவது வழியைக் கைக்கொள்வதே பாதுகாப்பு என்பேன். அழகைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தொல்காப்பியரை விட்டுப் போகுமுன் இன்னும் ஒன்று. ஓர் அடை, தன் இனத்தைச் சேர்ந்த பிறவற்றிலிருந்து ஒரு பொருளைப் பிரித்துக் காட்டவில்லையானால், அந்த அடை உலக வழக்குக்கு உரியதன்று, செய்யுளுக்கே உரியது என்கிறார் அவர். செஞ்ஞாயிறு என்பது அத்தகையது. கருஞாயிறு என்று வேறொன்று இல்லையே! நம் கம்பெனிக் கடிதங்களில் 'வெரி பெஸ்ட்', 'மோஸ்ட் எக்ஸலென்ட்' என்று வரும் அடைகளை எல்லாம் தொல்காப்பியர் கண்டால், இவை செய்யுள், இவற்றைப் புலவரிடம் அனுப்புங்கள் என்று ஒதுக்கிவிடுவார். 'கோம்டு' என்னும் அடையை அவர் ஒதுக்க மாட்டார். சீவிய பஞ்சின் நூல் கோம்டு; அவ்வாறு சீவாதது கார்டட்; திருப்பூரில் செமி கோம்டு என்று நடுவே ஒன்றும் வழங்குகிறது. அந்த ஓர் அடை நூலை நூலிலிருந்து பிரிக்கிறது. விலையை விலையிலிருந்து பிரிக்கிறது.

பண்புக்குப் படி அளக்கும் சொற்களில்தான் பெரிய ஆபத்து. நிறத்தைப் பொறுத்தவரை தமிழ் பெரும் செல்வம் படைத்தது. கன்னங்கரேல், செக்கச்செவேல், பச்சைப்பசேல், வெள்ளைவெளேர் என்று ஒவ்வொரு நிறத்திற்கும் அதற்கே உரிய மிகுதியை அந்தச் சொல்லுக்குள்ளேயே வைத்துப் பின்னியிருக்கிறோம். ஆனால் சாயப்பட்டறைக்கு வேண்டியது மிகுதியன்று, இம்மி வேறுபாடு. ஆர்டர் முழுவதற்கும் சாயம் ஏற்றுவதற்கு முன் ஒரு சிறு துண்டுத் துணியில் ஏற்றிப் பையருக்கு அனுப்புவார்கள். இதற்கு லேப் டிப் என்று பெயர். அவர் பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதுவார்: 'ஸ்லைட்லி', அதாவது சற்றே, சிவப்புக் கூடியிருக்கிறது, 'எ லிட்டில்', அதாவது கொஞ்சம், வெளிறியிருக்கிறது. 'எ ஷேட் டூ டார்க்' என்றும் எழுதுவார். சாயப்பட்டறையில் ஷேட் என்றால் நிறம். ஆகவே 'ஒரு நிறம் கருமை' என்று படித்துவிட்டு, எந்த நிறம் என்று திகைத்தவர்களை நான் அறிவேன். இங்கே ஷேட் என்பது நிறம் அன்று. நம் தையற்காரர்கள் 'ஒரு நூல் குறை' என்று சொல்லும்போது வரும் நூலைப் போல, சிறிய அளவைக் குறிப்பது. அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல் என்பதும், அது தைக்கும் நூல் அன்று என்பதும் நமக்குத் தெரியும். அவர்களுடைய ஷேட்டும் அப்படியே.

'எ லிட்டில்' என்பதிலும் பழைய 'எ' வந்து நிற்பதைக் கவனியுங்கள். நிறத்தில் சிறிது வேறுபாடு இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள் என்று முன்கூட்டியே எச்சரிக்க நினைத்த ஒருவர், 'எ'யை விட்டுவிட்டு 'லிட்டில் ஷேட் வேரியேஷன்' என்று எழுதினார். வேறுபாடு இல்லையென்றே சொல்லலாம் என்பது அதன் பொருள். உண்மையைச் சொல்ல நினைத்தவர், பையரின் கண்ணுக்குப் பொய் சொன்னவராகிவிட்டார்.

'வெரி' என்பதையும் 'டூ' என்பதையும் நாம் ஒன்றாகவே கருதுகிறோம். இதற்கும் காரணம் உண்டு. தொல்காப்பியர் உறு, தவ, நனி என்னும் மூன்றையும் மிகுதிப் பொருளுக்கு உரியவை என்றார். பெயரில் மிகுதி வேறு, மிகை வேறு என்று நாம் அறிவோம். மிகுதி பெருமை, மிகை குற்றம். ஆனால் அடையாக வரும்போது 'மிக' என்னும் ஒரு சொல்லே இரண்டையும் சுமக்கிறது. 'கழுத்து மிக இறுக்கம்' என்றால், நன்றாக இறுக்கிப் பிடிக்கிறது என்றும் கொள்ளலாம். தலை நுழையாது என்றும் கொள்ளலாம். ஆங்கிலத்தில் 'டூ டைட்' என்று பையர் எழுதினால் இரண்டாவதுதான். அது குழந்தைகளின் பனியனாக இருந்தால், அந்த ஓரசைச் சொல் ஒரு தாயின் கையில் அழும் பிள்ளையைக் குறிக்கிறது. நாமோ 'யுவர் பிரைஸ் இஸ் டூ குட்' என்று எழுதி நன்றி தெரிவிக்கிறோம்!

'லி' என்னும் ஈற்றைப் பற்றி ஒரு சொல். தமிழில் எந்தப் பண்போடும் 'ஆக' என்பதைச் சேர்த்தால் வினையடை கிடைத்துவிடும், கடினம், கடினமாக. ஆங்கிலத்திலும் 'லி' அப்படியே என்று பள்ளியில் கற்றுக்கொடுக்கிறோம். ஒரு மாணவர், துணியைக் கடுமையாகத் துவைத்துப் பார்த்தோம், சாயம் போகவில்லை என்று எழுத நினைத்தார். 'ஹார்ட்' என்பதோடு 'லி' சேர்த்து 'ஹார்ட்லி வாஷ்ட்' என்று எழுதினார். துவைக்கவே இல்லை என்று சொல்லத்தக்க அளவில் துவைத்தோம் என்பது அதன் பொருள். இலக்கணப்படி அவர் செய்தது நியாயந்தான். வழக்கு நியாயம் பார்ப்பதில்லை. 'லேட்லி' என்பதும் அத்தகையதே. தாமதமாக அனுப்பினோம் என்று எண்ணி அதை எழுதினால், அண்மையில் அனுப்பினோம் என்று பொருள் தரும்.

பனியனின் உள்ளே தைக்கும் சலவைக் குறிப்புத் துண்டைப் படித்திருக்கிறீர்களா? 'வாஷ் வித் லைக் கலர்ஸ்' என்று சிலவற்றில் இருக்கும். விருப்பமான நிறங்களோடு துவைக்க வேண்டுமாம் என்று ஒரு மாணவி எனக்கு விளக்கினார்! இங்கே 'லைக்' வினையன்று. ஒத்த என்னும் பொருளுடைய பெயரடை. பள்ளியில் நாம் ஒரு சொல்லை ஒரு வகுப்பிலேயே உட்கார வைத்துவிடுகிறோம். அது துணியில் ஏறியதும் இடம் மாறிவிடுகிறது.

முதலில் சொன்ன இளைஞருக்கு வருகிறேன். மன்னிப்புக் கடிதம் கிழிக்கப்பட்டது. நன்றிக் கடிதம் போயிற்று. ஆறு மாதங்களுக்குப் பிறகு மீண்டும் வந்தார். இம்முறை முகம் மலர்ந்திருந்தது. வேறொரு பையருக்குப் புதிய சாம்பிள் அனுப்பியிருந்தார்கள். அதற்கு 'கொயட் குட்' என்று பதில் வந்திருக்கிறது.

"எந்த நாட்டுப் பையர்?" என்று கேட்டேன்.

"எந்த நாடாக இருந்தால் என்ன, ஐயா? நன்றாக இருக்கிறது என்றுதானே பொருள்?"

அமெரிக்கர் 'கொயட் குட்' என்றால் மிக நன்று என்று பெரும்பாலும் கொள்ளலாம். ஆங்கிலேயர் அதே சொல்லைச் சொன்னால், பரவாயில்லை என்னும் அளவில் நிற்கும். இதைச் சொன்னேன். அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "லண்டன், ஐயா" என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து கைப்பேசியை எடுத்து, சாம்பிள் தைத்த தையற்காரரை மறுநாள் காலை எட்டு மணிக்கே வரச் சொன்னார்.